தெரிதல்: மலையக வரலாற்றில் ஒரு வினைச்சொல்லின் நிலை

வினைச்சொல் ஒன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதன் வேரையும் பொருள் விரிவையும் கூறி அமைந்துவிடுவது வழக்கம். அச்சொல் குறிக்கும் செயலைச் செய்யும் தகுதி எக்காலத்தில் எவர்க்கு இருந்தது என்னும் வினா இலக்கணத்துக்குப் புறம்பானதாகக் கருதப்பட்டு விடப்படுகிறது. ஆயினும் வினைக்கு எழுவாய் இன்றியமையாதது. எழுவாயாக எவர் நிற்கலாம், எவர் செயப்படுபொருளாகவே நிறுத்தப்பட்டனர் என்பதை மொழி மாத்திரம் தீர்மானிப்பதில்லை. சமூக உறவுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்நோக்கில், 'தெரி' என்னும் பொதுவழக்கு வினையை, ஹற்றன், நுவரெலியா முதலிய தேயிலைப் பிரதேசங்களின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வினை அறிதலையும் தெரிந்தெடுத்தலையும் ஒருங்கே குறிப்பது. மலையகத் தொழிலாளரின் வரலாறோ இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்த வரலாறு.

1

'தெரி' என்பது தன்வினையாக வருமிடத்துக் கண்ணுக்குப் புலப்படுதலையும் அறிவுக்குப் புலப்படுதலையும் குறிக்கும். செயப்படுபொருள் பெற்று வருமிடத்து ஆராய்தலையும் ஆராய்ந்து கொள்ளுதலையும் குறிக்கும். வெளிப்படையாகக் காலங்காட்டும் வினையைத் 'தெரிநிலை வினை' என இலக்கணிகள் வழங்கியது முதற்பொருளில். பல அம்புகளுள் ஆராய்ந்து கொள்ளப்பட்ட அம்பைத் 'தெரிகணை' எனப் பழம்புலவர் வழங்கியது இரண்டாம் பொருளில். 'தேர்' என்னும் வினையும் இவ்வாறே ஆராய்தல், தெளிதல், கொள்ளுதல் ஆகிய பொருள்களை ஒருசேரத் தாங்கி நிற்கிறது. அறியாது கொள்ளுதல் தெரிதலாகாது என்பது இச்சொற்களின் பொருளமைதியிலேயே அடங்கியுள்ள கருத்தாகும்.

தமிழகத்தில் 'தேர்வு' என்ற சொல் இன்று பரீட்சையைக் குறிப்பதாகப் பெருவழக்குப் பெற்றுள்ளது. இலங்கைத் தமிழிலோ 'தெரிவு' என்பது ஆட்சிமொழியின் கலைச்சொல்லாக நிலைபெற்றது. தேர்தலை நடத்துபவர் தெரிவத்தாட்சி அலுவலர். பாராளுமன்றம் அமைப்பது தெரிவுக்குழு. உறுப்பினர் 'தெரிவு செய்யப்படுகின்றார்'. ஆக, இலங்கைத் தமிழர்க்கு இச்சொல் முதன்மையாக அரசின் சொல்லாகவே அறிமுகமாகின்றது. இது மனங்கொள்ளத்தக்கது.

அரசோடு இச்சொல்லுக்குள்ள உறவு பழமையானது. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை (47), தெரிந்து தெளிதல் (51), தெரிந்து வினையாடல் (52) என மூன்று அதிகாரங்கள் இவ்வினையைத் தலைப்பிலேயே கொண்டுள்ளன. மூன்றும் அரசியலில் அடங்குவன. அங்கே தெரிபவன் அரசன். தெரியப்படுவோர் அவனுக்கு வினை செய்வோர். குடிகள் தெரிவோராக வரவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறையைக் குடியாட்சியின் முன்னோடியாகக் கொண்டாடுவோர், குடத்துள் ஓலையாக இடப்படுவதற்கே கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் வேண்டப்பட்டன என்பதைப் பெரும்பாலும் வலியுறுத்துவதில்லை. நிலமுடைமையே தெரியப்படுவதற்கான தகுதியாக இருந்தது. நிலத்தில் உழைத்தோர் அவ்வினையின் எழுவாயாகவும் வரவில்லை, செயப்படுபொருளாகவும் வரவில்லை.

ஆகவே, 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இலங்கையில் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தமை, இவ்வினைச்சொல்லின் நெடிய வரலாற்றில் ஒரு திருப்பமாகும். ஆளப்படுவோர் தெரிவோராகவும் ஆள்வோர் தெரியப்படுவோராகவும் மாறும் இலக்கண மாற்றம் அது. இம்மாற்றம் மலைநாட்டில் எத்துணைத் தூரம் சென்றது, எவ்விடத்து நின்றது என்பதை அறிவதற்கு, அதற்கு முற்பட்ட உற்பத்தி உறவுகளை முதலில் நோக்குதல் அவசியம்.

2

முதலாளித்துவத் தொழிலாளி இருவகையில் 'சுதந்திரமானவன்' என மார்க்ஸ் விளக்கினார். தன் உழைப்புச் சக்தியைத் தான் விரும்பியவர்க்கு விற்கும் சுதந்திரம் ஒன்று. உற்பத்திச் சாதனம் எதுவும் தனக்கின்றி இருக்கும் 'சுதந்திரம்' மற்றொன்று. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கிவைத்த தேயிலைச் செய்கையைத் தொடர்ந்து தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர்க்கு இரண்டாவது சுதந்திரம் முழுமையாகவே கிடைத்தது. முதலாவது கிடைக்கவில்லை.

அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. இதனோடு இணைந்து இயங்கியது 'துண்டு' முறை. குறித்த தொகையைக் கடனுக்கீடாகச் செலுத்தினால் இன்ன தொழிலாளரை விடுவிக்க உடன்படுவதாகத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. தொழிலாளியை ஏற்க விரும்பும் மற்றைத் தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். செலுத்திய தொகை தொழிலாளியின் பெயரிலேயே புதிய கடனாக ஏறும். துண்டைக் கையிற்கொண்டு தோட்டந் தோட்டமாகப் பேரம் பேசியவர் பெரும்பாலும் கங்காணியே. தம் ஆட்கள் யாவரையும் கூட்டமாக ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தி, கூடிய முற்பணம் பெறுவதற்கு அவர்க்கு இது வாய்ப்பளித்தது.

இங்கு தெரிவு நிகழ்கிறது. தோட்டம் மாறுகிறது, துரை மாறுகிறார், மலை மாறுகிறது. ஆயினும் தெரிவின் எழுவாய் தொழிலாளி அல்லர். அவரது பெயர் ஒரு தாளில் கடன்தொகையோடு எழுதப்பட்டுக் கைமாறுகிறது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் தாளில் எழுதப்படுவதன் மூலம் ஒரு மனிதரின் இடம் தீர்மானிக்கப்படும் அனுபவம் அவ்வாண்டோடு முடியவில்லை. மலையக மக்கள் பிற்காலத்தில் அரசோடு கொண்ட உறவின் முன்வடிவம் துண்டிலேயே காணப்படுகிறது எனலாம்.

3

தொழிற்களத்தை நோக்குமிடத்து முற்றிலும் முரணான ஓர் உண்மை புலப்படுகிறது. கொழுந்தெடுத்தல் இடையறாத தெரிவுச் செயலாகும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது எல்லோரும் அறிந்த விதி. ஆனால் விதி வாய்ப்பாடாக அமைவது தாளிலேயே. செடியின் முகத்தில் இளந்தளிரும் முற்றிய இலையும் வளர்ச்சி தேங்கிய குருத்தும் கலந்தே நிற்கும். எதை எடுப்பது, அடுத்த சுற்றுக்கு எதை விடுவது, எந்த இலையை முறித்தெறிவது என்பதைக் கணப்பொழுதில் கண்டு விரல் முடிவுசெய்தல் வேண்டும். இளங்கொழுந்தைத் தவறவிட்டால் அடுத்த சுற்றில் அது முற்றிவிடும். முற்றியதை எடுத்தால் கொழுந்து நிறுக்குமிடத்தில் கழிக்கப்படும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் எனின், ஒரு நாளில் அவ்விரல்கள் செய்யும் தெரிவுகளின் தொகையை ஒருவாறு உய்த்துணரலாம்.

இதைச் செய்வோர் மிகப் பெரும்பாலும் பெண்கள். பேச்சு வழக்கில் அவர்கள் இதனைத் 'தெரிவு' என்று கூறுவதில்லை. 'பாத்து எடு' என்பதே வழக்கு. இளையவளுக்கு மூத்தவள் சொல்லும் அறிவுறுத்தலும், சந்தையிலும் கடையிலும் ஒருவர்க்கொருவர் கூறுவதும் இதுவே. இவ்வழக்கு தமிழுலகம் எங்கும் உள்ளது. மலையகத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஆயினும் இதன் அமைப்பு இவ்விடத்து ஊன்றி நோக்கத்தக்கது. பழந்தமிழின் ஒற்றை வினை தாங்கிநின்ற இரு பொருள்களையும் பேச்சுமொழி இரண்டு வினைகளாக்கி வரிசைப்படுத்துகிறது: முதலில் பார்த்தல், பின்னர் எடுத்தல். எழுத்துமொழியின் 'தெரிவு செய்' என்னும் தொடரில் அறிதற்பொருள் மங்கிவிட்டது. எழுத்தறிவு மறுக்கப்பட்டோரின் பேச்சிலோ அது தெளிவாக நிற்கிறது.

இத்திறன் திறனாகக் கணக்கிடப்படவில்லை. கொழுந்தெடுத்தல் பெண்ணின் விரலுக்கு இயல்பாகவே அமைந்தது என்னும் கருத்துநிலை, அவ்வுழைப்பைத் தேர்ச்சியற்ற உழைப்பாகக் காட்டுவதற்கு உதவியது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் என்பது 1984இலேயே ஏற்கப்பட்டது. ஆக, நாள் முழுவதும் தெரிதலையே தொழிலாகக் கொண்ட ஒரு மக்கட்பிரிவு, தெரிதற்குத் தகுதியற்றதாகச் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டது. இம்முரண்பாடே அடுத்து ஆராயப்படவேண்டியது.

4

டொனமூர்த் திட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியது எனப் பொதுவாகக் கூறினும், தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை அது நிபந்தனைகளுக்கு உட்பட்டதாகவே வந்தது. சிங்கள அரசியற்றலைவர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, வதிவிடம் என்ற சட்டக் கருத்து வாக்குரிமையின் அடிப்படையாக்கப்பட்டது. ஆங்கிலச் சட்டம் பிறப்பால் அமையும் வதிவிடத்தையும் ஒருவர் தாமே தெரிந்துகொள்ளும் வதிவிடத்தையும் வேறுபடுத்துவது. இரண்டாவதற்கு, ஓரிடத்தில் வாழ்தல் மட்டும் போதாது. அங்கேயே நிலையாக வாழும் எண்ணமும் வேண்டும். இவ்வாறு, 'இந்நாட்டைத் தெரிந்துகொண்டாயா?' என்னும் வினா மலையகத் தொழிலாளியின் முன் முதன்முறையாக வைக்கப்பட்டது. பெருநிலவுடைமையாளர் எவரிடமும் இவ்வினா கேட்கப்படவில்லை. தம் உழைப்பால் மலைகளைத் திருத்தியோரின் வாழ்வு அவர்களது எண்ணத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படவில்லை; தாளே சான்றாகக் கேட்கப்பட்டது.

இத்தடைகளுக்கு ஊடாகவும் தொழிலாளர் வாக்களித்தனர். ஹற்றன் தொகுதி 1931இல் பெரி. சுந்தரத்தைச் சட்டசபைக்கு அனுப்பியது. அவர் தொழில், கைத்தொழில், வணிக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதி, மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யரைத் தெரிவுசெய்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். தாம் விரும்பிய சங்கத்தில் சேரும் உரிமை அக்காலத்துப் போராட்டங்களின் அடிநாதமாக இருந்தது. 1940ஆம் ஆண்டின் ஏழம்ச உடன்படிக்கை வாயிலாகத் தோட்டத்துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களை அங்கீகரிக்க நேர்ந்தது. வாக்குச்சீட்டில் மாத்திரமன்றித் தொழிற்களத்திலும் தொழிலாளி தெரிவோராக எழத் தொடங்கிய காலம் இது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கு. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா ஆகியோர் தெரிவாகினர். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்குத் துணைநின்றன. இதன் அரசியற் பொருளை ஆளும் வர்க்கம் உடனே உணர்ந்துகொண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழியையும் பதிவையும் பிரசாவுரிமையின் இரு வழிகளாக்கியது. முதல் வழிக்குத் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டப்பட்டது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மக்கள்தொகையில் 11.7 வீதத்தினராயிருந்த ஒரு சமூகம் இவ்வாறு ஏறத்தாழ முழுமையாகவே வாக்குரிமையை இழந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அச்சமூகத்தின் பிரதிநிதி எவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. கோடாகன் பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சில் இச்சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

சட்டத்தின் இனவாதத் தோற்றத்துக்குள் வர்க்க நலன் இருந்தது என்பதை அக்கால இடதுசாரிகள் பாராளுமன்றத்திலேயே எடுத்துரைத்து எதிர்த்து வாக்களித்தனர். தமிழ்த் தலைமையின் ஒரு பகுதியோ வேறு நிலைப்பாட்டை எடுத்தது. அரசாங்கத்தில் அமைச்சராக இணைந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசிலிருந்து எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். இப்பிரிவின் காரணங்களுள் மலையக மக்களின் பிரசாவுரிமையும் ஒன்றாகும்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவின் மூலம் பிரசாவுரிமை பெற வழிவகுத்தது. மணமானோர்க்கு ஏழாண்டும் மணமாகாதோர்க்குப் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று, போதிய வருமானம் அல்லது தக்க தொழில், மனைவி மக்கள் உடன் வாழ்ந்தமைக்குச் சான்று என நிபந்தனைகள் விரிந்தன. மனைவியும் பராயமடையாப் பிள்ளைகளும் கணவனின் விண்ணப்பத்திலேயே சேர்க்கப்பட்டனர். நாளெல்லாம் தெரிதலைத் தொழிலாகக் கொண்டவள் இங்கே தன் கணவனின் விண்ணப்பத்தில் ஒரு வரியானாள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பதிவு பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு தெரிவே. இந்நாட்டிலேயே வாழ்வோம் என்று அத்தனை குடும்பங்கள் எழுத்தில் தெரிவித்திருந்தன. அறிந்து செய்த அத்தெரிவு ஏற்கப்படவில்லை.

5

1964 அக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இவ்வரலாற்றின் மிகக் கொடிய கட்டம். நாடற்றோர் என மதிப்பிடப்பட்ட 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேர் பின்னர் கவனிக்கப்படுவதாக விடப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் செம்பாதியாகப் பகிரப்பட்டனர். அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் இணைந்திருந்தது. 1948இல் இப்பிரச்சினையை வர்க்க நிலையினின்று எதிர்த்த ஓர் இயக்கம், 1964இல் அதே மக்களைத் தொகையாகப் பகிர்ந்த அரசின் பங்காளியாயிற்று. பாராளுமன்ற எண்ணிக்கை வர்க்கக் கோட்பாட்டை விஞ்சியதன் விளைவு இது. முற்போக்கு வரலாற்றாசிரியர்கள் இதனை மழுப்புதல் தகாது.

ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டம் 1967இல் நிறைவேறியது. அதன்பின்னர் மக்களிடம் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. இந்தியாவா, இலங்கையா என்று அவரவரே தெரியலாம் என்பது இதன் வெளித்தோற்றம். ஆனால் தெரிவுக்கு முன்னரே தொகை தீர்ந்திருந்தது. இலங்கைக்கென விண்ணப்பித்தோர் தொகை குறித்த எல்லையை விஞ்சியது. இந்தியாவுக்கென விண்ணப்பித்தோர் தொகை எதிர்பார்க்கப்பட்ட 525,000ஐ எட்டவில்லை. விடை முன்கூட்டியே எழுதப்பட்டபின் கேட்கப்படும் வினா வினாவாகாது. அது தெரிவின் வடிவில் நிகழ்ந்த ஒதுக்கீடு.

மக்கள் தம் வரலாற்றைத் தாமே ஆக்குகின்றனர். ஆயினும் அதற்கான சூழ்நிலைகளைத் தாமே தெரிந்துகொள்வதில்லை என்னும் மார்க்ஸின் கருத்து இங்கே அதன் கடுமையான வடிவிற் பொருந்துகிறது. 1970களின் முற்பகுதியில் உணவுப்பொருள்களின் தட்டுப்பாடும் வேலைநாட்களின் குறைவும் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை விளைவித்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின்போது சில தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டனர். 1977இலும் 1981இலும் 1983இலும் இனவன்முறை லயங்களைத் தாக்கியது. இந்நிலையில் கப்பலேறியோர் இந்தியாவைத் 'தெரிந்தனர்' என்று அரச ஆவணம் கூறும். அவர்கள் அறிந்திருந்தது இங்குள்ள பசியை, அங்குள்ள வாழ்வையன்று. தமிழகம் சென்றோரிற் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலேயே மீண்டும் கூடை சுமந்தனர். தாயகம் திரும்பியோர்க்கு வேலையளிக்கும் நோக்கோடு தொடங்கப்பட்டு 1976இல் கூட்டுத்தாபனமான தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம் அவர்களுள் ஒரு பகுதியினருக்கு இடமளித்தது. அங்கே அவர்கள் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இங்கு இந்தியர், அங்கு சிலோன்காரர்: இரு பெயர்களும் பிறர் இட்டவை.

6

இவ்வனுபவம் மக்களின் அன்றாட மொழியிற் பதிந்துள்ள விதம் ஆராயத்தக்கது. பிரசாவுரிமை பற்றிய பேச்சில் 'தெரிவு' என்ற சொல் இடம்பெறுவது அரிது. இந்தியாவுக்கு 'எழுதிப் போட்டோம்', சிலோனுக்கு 'எழுதிக் கொடுத்தோம்' என்பனவே வழக்கு. உரிமை 'கிடைத்தது' அல்லது 'கிடைக்கவில்லை'. பெயர் 'பதிந்தது' அல்லது 'வெட்டுப்பட்டது'. வாக்கும் 'போடப்படுவது' தான். தேயிலைச் செடியின் முன் 'எடு' என்ற வினைக்கு எழுவாயாக நிற்பவர், அரசின் முன் 'கொடு', 'போடு' என்னும் வினைகளுக்கு மாறிவிடுகின்றார். கொடுத்தபின் என்ன நிகழும் என்பது அவர் கையில் இல்லை. ஆதலின் அடுத்த வினை 'கிடை' என்றே அமைகிறது. முதல் மூன்று வினைகளுக்கும் மனிதரே எழுவாய். இறுதி வினைக்கு உரிமையே எழுவாய். இலக்கணத்தின் இச்சிறு மாற்றத்தில் அரை நூற்றாண்டின் அரசியல் அடங்கியுள்ளது.

இம்மொழியை அறியாமையின் அடையாளமாகக் கொள்வோர் உளர். உண்மை அதற்கு மாறானது. தமக்கு நிகழ்ந்தது தெரிவன்று என்பதை அம்மக்கள் துல்லியமாக உணர்ந்திருந்தமையினாலேயே அச்சொல்லை அவர்கள் அதற்கு வழங்கவில்லை. தலவாக்கலை உறுப்பினராக 1947இல் தெரிவுசெய்யப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை, பின்னாளில் 'நாடற்றவர் கதை'யின் ஆசிரியரானார். தம்மைத் தெரிந்தனுப்பிய மக்கள் தெரியும் உரிமையையே இழந்ததைக் கண்ட எழுத்தாளர் அவர்.

பிற்காலச் சட்டங்களிலும் இவ்வினை விசித்திரமான வடிவங்களைப் பெற்றது. 1984இல் தலைமன்னார் கப்பற்சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாதோரும், விண்ணப்பித்து விடை பெறாதோரும் பல்லாயிரவர் தோட்டங்களில் எஞ்சினர். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பியாத நாடற்றோர்க்கு இலங்கைப் பிரசாவுரிமையை வழங்கியது. அன்று எழுதாமல் இருந்ததே இன்று தெரிவாகக் கொள்ளப்பட்டது. எழுதியோரின் நிலை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து இதற்கு 39 ஆண்டுகள் சென்றன.

எனினும் இம்மாற்றங்களை அரசின் கொடையாக மாத்திரம் கருதுதல் தவறு. 1952ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகம் தொட்டுத் தொழிற்சங்கங்கள் நடத்திய இயக்கங்களும், தேயிலைப் பொருளாதாரத்தில் அவ்வுழைப்புக்கிருந்த இன்றியமையாமையும் அரசை அந்நிலைக்குத் தள்ளின. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியா மும்முனைத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானமை, முப்பதாண்டு இடைவெளியின் பின் அம்மக்களின் வாக்கு மீண்டும் அரசியற் சக்தியானதைக் காட்டிற்று. அதன்பின் அச்சக்தி தலைமைகளின் பேரம்பேசலாகச் சுருங்கியமை தனியே ஆராயப்படவேண்டிய விடயம்.

7

இன்று மலையக மக்கள் பிரசைகள்; வாக்காளர்; பாராளுமன்றத்துக்கும் மாகாண, உள்ளூர் மன்றங்களுக்கும் உறுப்பினரைத் தெரிவுசெய்வோர். இதனால் எழுவாய் பற்றிய பிரச்சினை தீர்ந்துவிட்டதா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அப்பிரிவு திருத்தப்பட்ட 2018ஆம் ஆண்டு வரை, தோட்டத் தொழிலாளி சபையைத் தெரிவுசெய்யலாம். ஆனால் அச்சபை அவர் வாழும் லயத்துக்கு வீதி அமைத்துக் கொடுக்க முடியாது என்பதே நிலை. வினை இருந்தது, அதன் பயன் இல்லை.

வீட்டுத் திட்டங்களின் ஆவணங்களில் இன்று 'பயனாளிகள் தெரிவு' என்னும் தொடர் வழங்குகிறது. இத்தொடரை இலக்கண நோக்கிற் பிரித்துப் பார்த்தால் பயனாளியே செயப்படுபொருள், தெரிவோர் வேறெவரோ. காணி தோட்ட முகாமைத்துவத்தினது, பட்டியல் அதிகாரியினது, சிபாரிசு சங்கத்தினது. எவ்விடத்து வீடு, எத்தகைய வீடு, எவர்க்கு முதலில் என்பவற்றை லயத்தில் வாழ்வோரே கூடி ஆராய்ந்து முடிவுசெய்யும் முறை பொது விதியாகவில்லை. நிலமுடைமையின்றித் தெரிவுரிமை முழுமை பெறாது என்னும் பழைய உண்மை, உத்தரமேரூரிலிருந்து ஹற்றன் வரை வேறு வேறு வடிவில் தொடர்கிறது. அங்கே நிலமில்லாதோர் குடத்துக்கு வெளியே நின்றனர். இங்கே வாக்குச் சாவடிக்குள் வந்தும் தாம் வாழும் அறைக்கு உரிமையின்றி நிற்கின்றனர்.

இவ்வரலாற்றில் அம்மக்கள் முற்றாகத் தாமே செய்த தெரிவு ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு தொட்டு அரசு அவர்களை 'இந்தியத் தமிழர்' என எழுதிற்று. அயலார் 'தோட்டக்காட்டான்' என்றனர். 'கள்ளத்தோணி' என்று இகழ்ந்தனர். இப்பெயர்கள் எவற்றையும் ஏற்காது, தாம் திருத்திய மண்ணின் பெயரையே தம் பெயராக்கி, 'மலையகத் தமிழர்' என்று தம்மை வழங்கத் தலைப்பட்டனர். ஆசிரியரும் எழுத்தாளரும் இளைஞர் இயக்கங்களும் 1960கள் தொட்டு இப்பெயரைப் பரப்பினர். இதற்கு எந்த விண்ணப்பமும் எழுதப்படவில்லை. எவரிடமிருந்தும் இது கிடைக்கவுமில்லை. தம் வரலாறு இன்னதென்று கண்டு, கண்டதிலிருந்து கொண்ட பெயர் இது. கொழுந்துக் காட்டின் மொழியிற் கூறின், பார்த்து எடுத்த பெயர். நிலத்தையும் வீட்டையும் கூலியையும் அவ்வாறே பார்த்து எடுக்கும் நிலை வரும்வரை, 'தெரி' என்னும் வினைக்கு மலையகத் தொழிலாளி முழு எழுவாயாகிவிட்டார் என்று வரலாற்று மாணவர் எழுத இயலாது.